குச்சி நட்டு பூமியை அளப்போம்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஊரெங்கும் கோடை முகாம் நோட்டீஸ்கள் வந்துவிடுகின்றன. நீச்சல், கராத்தே, கையெழுத்து, ரோபோ, அறிவியல் என்று எல்லாவற்றுக்கும் முகாம் உண்டு. அறிவியல் முகாமுக்குப் போகிற பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். சாயங்காலம் வீடு திரும்பும்போது உங்கள் நோட்டில் நீங்களே அளந்து எழுதிய எண் ஒன்றாவது இருக்கட்டும். அது இல்லையென்றால் அன்றைக்கு வேடிக்கை பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

பல முகாம்களில் முதல் நாள் ‘எரிமலை’ காட்டுவார்கள். களிமண் குன்றின் வாயில் ஆப்ப சோடாவைப் போட்டு, சிவப்புச் சாயம் கலந்த வினிகரை ஊற்றினால் நுரை பொங்கி வழியும். எல்லோரும் கைதட்டுவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அதோடு நிறுத்தினால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதே சோடா, அதே வினிகர். ஒரு பாட்டிலில் 50 மில்லி வினிகர் ஊற்றுங்கள். ஒரு பலூனுக்குள் கால் டீஸ்பூன் ஆப்ப சோடாவைப் போட்டு, பலூனின் வாயை பாட்டிலின் வாயில் மாட்டி நிமிர்த்துங்கள். சோடா உள்ளே கொட்டும், கார்பன் டை ஆக்சைடு கிளம்பும், பலூன் உப்பும். நுரை அடங்கியதும் பலூனின் வயிற்றைச் சுற்றி நூலைப் பிடித்து, நூலை ஸ்கேலில் வைத்து நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு புது வினிகரும் புது பலூனும் எடுத்து அரை டீஸ்பூன் சோடா. அடுத்து ஒரு டீஸ்பூன், அதற்கடுத்து இரண்டு டீஸ்பூன். வினிகர் மட்டும் எப்போதும் அதே 50 மில்லி.

கால் டீஸ்பூனிலிருந்து அரைக்குப் போகும்போது பலூன் நன்றாகப் பெரிதாகும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது பார்த்தால் நூலின் நீளம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். பாட்டிலின் அடியில் வெள்ளையாகச் சோடா மிஞ்சிக் கிடக்கும். சோடா இருக்கிறது, அதோடு வினைபுரிய வேண்டிய அமிலம்தான் தீர்ந்துபோய்விட்டது. பின்னால் மேல்நிலை வகுப்பு வேதியியலில் இதற்குப் பெரிய பெயர் ஒன்று வரும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு நூலை வைத்து அதை இப்போதே பிடித்துவிடலாம். ஒரு கேள்வியும் விட்டுவைக்கிறேன்: காற்று இரண்டு மடங்கானால் பலூனின் சுற்றளவும் இரண்டு மடங்காகுமா? அளந்துவிட்டு பதில் சொல்லுங்கள்.

கையால் செய்து கற்கும் இந்த வழி நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. பாடத்தை மனப்பாடம் செய்யாமல், பிள்ளைகளே சோதனை செய்து, கண்டதை எழுதி, அதைப் பற்றி வகுப்பில் வாதாடிக் கற்க வேண்டும். தேர்விலும் புத்தகத்தைத் திறந்து பார்த்து எழுதலாம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்த அரவிந்த் குப்தா அங்கே போய்ச் சேர்ந்தார். கிராமத்துச் சந்தையில் கிடைக்கிற மலிவான சாமான்களிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவர் பிரபலமாக்கிய ஒன்று எல்லா முகாமிலும் இருக்க வேண்டும் என்பேன். சைக்கிள் கடையில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் வால்டியூபைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை அந்தத் துண்டுகளில் செருகினால் மூட்டு தயார். (மருந்தைச் சுரண்டுவது பெரியவர்கள் வேலை.) நான்கு குச்சிகளில் ஒரு சதுரம் செய்து விரலால் ஒரு மூலையைத் தள்ளுங்கள். சாய்ந்து படுத்துவிடும். மூன்று குச்சிகளில் முக்கோணம் செய்து தள்ளுங்கள். அசையாது. ஏழாம் வகுப்பு வடிவியலில் ப-ப-ப விதி என்று படித்திருப்பீர்களே, அதுதான் இது. மூன்று பக்கங்களின் நீளம் முடிவாகிவிட்டால் கோணங்கள் வேறு மாதிரி மாற வழியே இல்லை. சதுரத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இதைச் செய்தபின் செல்போன் டவரையும், மின்கோபுரத்தையும், பாம்பன் பாலத்தின் இரும்புச் சட்டங்களையும் பாருங்கள். எங்கெல்லாம் முக்கோணம் ஒளிந்திருக்கிறது என்று எண்ணத் தோன்றும்.

சரி, இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த சோதனை. அதற்கு வேண்டியது ஒரு மீட்டர் நீளக் குச்சியும் வெயிலும்தான். தமிழ்நாட்டுக் கோடையில் வெயிலுக்குக் குறைவில்லை!

நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும் என்று சொல்கிறோம். வருடத்தில் பெரும்பாலான நாள்களில் அது உண்மையில்லை. சூரியன் கொஞ்சம் தெற்கிலோ வடக்கிலோ சாய்ந்துதான் இருக்கும். நம் ஊர்களில் வருடத்துக்கு இரண்டே முறைதான் அது உச்சியில் சரியாக வந்து நிற்கிறது. அப்போது நேராக நிற்கும் குச்சியின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடும். அதைத்தான் நிழலில்லா நாள் என்கிறோம். கன்னியாகுமரிக்கு அது ஏப்ரல் 10-ஐ ஒட்டி வருகிறது. மதுரைக்கு 16 வாக்கில், சென்னைக்கு 24, 25 வாக்கில். கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு அது வந்து சேர சுமார் இரண்டு வாரம் ஆகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: உச்சிச் சூரியன் அந்தச் சமயத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர் வடக்கே நடக்கிறது. டெல்லிப் பிள்ளைகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால் அங்கே சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வருவதில்லை. நமக்கும் இலங்கைக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் இந்த நாளில் பள்ளி மாணவர்களைக் கூட்டி வைத்து அளக்கச் செய்கின்றன.

எப்படி அளப்பது? தரை சமமாக இருக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குச்சி செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு நூலின் நுனியில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் தூக்குக்குண்டு தயார். குச்சியை இரண்டு பக்கமிருந்தும் அதோடு ஒத்துப் பார்த்து நிறுத்துங்கள். கீழே வெள்ளைத் தாளை ஒட்டி, 11.45 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் புள்ளி வைத்து, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள்.

பன்னிரண்டு மணி ஆனதும் கட்டாயம் யாராவது கேட்பார்கள்: “அண்ணா, வாட்ச்ல பன்னெண்டு ஆயிடுச்சு, நிழல் இன்னும் குறைஞ்சுக்கிட்டே இருக்கே?”

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. நம் கடிகாரம் காட்டுவது இந்தியா முழுவதற்குமான ஒரே நேரம். அது 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். ஒரு டிகிரி மேற்கே போனால் சூரியன் உச்சிக்கு வர நான்கு நிமிடம் கூடுதலாகும். அதனால் ஏப்ரல் கடைசியில் சென்னையில் உச்சிப்பொழுது 12.07 வாக்கில் வருகிறது. கோயம்புத்தூரில் 12.20-ஐத் தாண்டிவிடும். உங்கள் தாளில் எந்தப் புள்ளி குச்சிக்கு மிக அருகில் இருக்கிறதோ, அந்த நேரம்தான் உங்கள் ஊரின் உண்மையான நண்பகல். நிழலில்லா நாள் தவிர மற்ற நாளில் செய்தால், அந்தக் குட்டி நிழல் சரியாக வடக்கு-தெற்காக விழுந்திருக்கும். செல்போன் திசைகாட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்படி நிழல் பார்த்துத் திசை குறிப்பது நம்மிடம் மிகப் பழைய வழக்கம். சங்க இலக்கியமான நெடுநல்வாடையில் அரண்மனை கட்ட இடம் வகுக்கும் பகுதி வருகிறது. அங்கே நண்பகலில் கோல் நட்டு நிழல் பார்க்கிறார்கள். அது சித்திரை மாதத்தின் நடுப் பத்து நாளில் செய்வது என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதியிருக்கிறார். நிழலில்லா நாளும் நமக்குச் சித்திரையை ஒட்டித்தான் வருகிறது!

அளக்கும்போது ஒரு தொல்லை வரும். நிழலின் நுனி கூர்மையாக இருக்காது, மங்கலாகக் கரைந்து முடியும். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அகன்ற தட்டாக இருப்பதுதான் காரணம். அந்தத் தொல்லையையே சோதனையாக மாற்றலாம். ஒரு தடித்த அட்டையில் ஊசியால் ஒரு துளை போட்டு, தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் உச்சி வெயிலில் பிடியுங்கள். அட்டையின் நிழலுக்கு நடுவில் ஒரு சின்ன ஒளிவட்டம் தெரியும். துளையைச் சதுரமாக வெட்டினாலும் வட்டமாகவே விழும், ஏனென்றால் அது சூரியனின் உருவம். மரத்தடியில் சிதறிக் கிடக்கும் வெளிச்ச வட்டங்களும் அப்படித்தான். வட்டத்தின் குறுக்களவு 18, 19 மில்லிமீட்டர் வரும். 18 என்றே வைத்துக்கொள்வோம். 2,000 மில்லிமீட்டருக்கு 18 என்றால், 15 கோடி கிலோமீட்டருக்கு எவ்வளவு? 13.5 லட்சம் கிலோமீட்டர். சூரியனின் உண்மையான விட்டம் சுமார் 13.9 லட்சம் கிலோமீட்டர். ஒரு பழைய அட்டையை வைத்து இவ்வளவு நெருங்கிவிட்டீர்கள்.

இன்னும் பெரிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. பூமியை அளப்பது. இதற்கு இரண்டு ஊர்ப் பிள்ளைகள் சேர வேண்டும். சென்னைக்கு நிழலில்லா நாள் வரும்போது, சென்னையில் ஒரு குழுவும் கன்னியாகுமரியில் ஒரு குழுவும் ஒரே உயரக் குச்சியோடு தயாராக இருக்கட்டும். அவரவர் ஊர் உச்சிப்பொழுதில் அவரவர் அளக்க வேண்டும். சென்னைக் குச்சிக்கு நிழல் இருக்காது. கன்னியாகுமரியில் ஒரு மீட்டர் குச்சிக்கு ஏறத்தாழ 8.7 சென்டிமீட்டர் நிழல் விழும். அதுவும் தெற்குப் பக்கமாக விழும்! இரண்டு வாரத்துக்கு முன்பே சூரியன் அந்த ஊரைத் தாண்டி வடக்கே போய்விட்டதல்லவா? நிழல் தெற்கே விழுவதைப் பார்த்துக் குழம்பி, பிறகு காரணத்தைத் தாங்களே கண்டுபிடித்துச் சொல்லும் பிள்ளைகளின் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். முகாம் நடத்துவதே அதற்காகத்தான் என்று தோன்றும்.

100-க்கு 8.7 என்ற அளவில் கிராஃப் தாளில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து, பாகைமானியால் அளந்தால் உச்சிக் கோணம் 5 டிகிரி வரும். சூரியக் கதிர்கள் இணையாக வருவதால், இரண்டு ஊர்களுக்கும் இடையே பூமி வளைந்திருக்கும் அளவும் அதே 5 டிகிரிதான். முழு வட்டம் 360 டிகிரி. அதில் 5 டிகிரி, 72-இல் ஒரு பங்கு. அட்லஸின் அளவுகோலை வைத்து இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்கு-தெற்குத் தூரத்தை அளந்தால் சுமார் 555 கிலோமீட்டர் இருக்கும். சாலைத் தூரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள், அது வளைந்து நெளிந்து அதிகமாக இருக்கும். 555-ஐ 72-ஆல் பெருக்கினால் 39,960 கிலோமீட்டர். துருவங்கள் வழியாகப் பூமியின் சுற்றளவு சுமார் 40,008 கிலோமீட்டர்.

இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் அலெக்சாண்ட்ரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரட்டோஸ்தனிஸ் இதே வழியில்தான் பூமியை அளந்தார். அவருக்கு நிழலில்லா ஊர் எகிப்தின் சயீன், இன்றைய அஸ்வான். அதே நண்பகலில் அலெக்சாண்ட்ரியாவில் வந்த கோணம், வட்டத்தில் 50-இல் ஒரு பங்கு. அவரிடம் செல்போனும் இல்லை, அட்லஸும் இல்லை.

உங்கள் விடை மேலே சொன்னதைப் போல அவ்வளவு நெருக்கமாக வராது. அதற்காக எண்ணை மாற்றி எழுதிவிடாதீர்கள். நிழலை 8.7-க்குப் பதில் 9 சென்டிமீட்டர் என்று குறித்திருந்தால், வெறும் மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம், பூமியின் சுற்றளவு 1,100 கிலோமீட்டர் சுருங்கிவிடும். குச்சி சாய்ந்திருந்ததா, தரை சரிவா, நுனி மங்கலா என்று தேடுங்கள். அட்டைத் துளை வித்தையைக் குச்சியின் உச்சியில் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். விஞ்ஞானிகள் தங்கள் நாளின் பெரும் பகுதியை இந்தத் தேடலில்தான் கழிக்கிறார்கள்.

இஸ்ரோ 2019 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு யுவிகா என்ற கோடைப் பயிற்சி நடத்துகிறது. தமிழக அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை சோதனை செய்து காட்ட 2022-இல் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் தெருவில் நாலு பேர் சேர்ந்து நீங்களே முகாம் நடத்தலாம். இரண்டு விஷயங்களில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டும் கூடாது. நிழலையும் ஒளிவட்டத்தையும் மட்டும் பாருங்கள். புள்ளி வைக்கும் நேரம் தவிர நிழலில் உட்காருங்கள், தொப்பி போடுங்கள், மோரோ தண்ணீரோ குடித்துக்கொண்டே இருங்கள்.

ஏப்ரலைத் தவறவிட்டவர்கள் வருந்த வேண்டாம். உச்சிச் சூரியன் தெற்கே திரும்பும்போது சென்னைக்கு ஆகஸ்ட் 18 வாக்கிலும், மதுரைக்கு ஆகஸ்ட் 27, 28-இலும், கன்னியாகுமரிக்கு செப்டம்பர் 1, 2-இலும் மறுபடி வரும். அப்போது பள்ளிக்கூடம் திறந்திருக்கும். உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். வேறு ஊரில் ஒரு நண்பரையும் பிடித்து வையுங்கள்.