ஸ்ரீ ரம்பை: கொள்ளை போன பீரங்கி

கடற்கொள்ளைப் படங்களில் குண்டு விழுந்ததும் கப்பல் தீப்பிழம்பாய் வெடிக்கும். உண்மையில் அந்தக் காலத்துக் கப்பல் குண்டுகளில் பெரும்பாலானவை வெறும் இரும்பு உருண்டைகள். பலகையைப் பிளக்கும், பாய்மரத்தை முறிக்கும், தெறிக்கும் மரச்சிராய்களால் ஆளைக் கொல்லும்; வெடிக்காது. அப்படிக் குண்டெறிந்த காலத்துப் பீரங்கி ஒன்று மலேசியாவின் பினாங்கிலுள்ள கார்ன்வாலிஸ் கோட்டையில் இருக்கிறது. பெயர் ஸ்ரீ ரம்பை. நீளம் மூன்று மீட்டருக்கு மேல். குழலின் உள்வட்டம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர்.

1603இல் டச்சு நாட்டில் யான் புர்கர்ஹைஸ் வார்த்தது இது. செம்போடு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்து உருக்கிய வெண்கலத்தைக் களிமண் அச்சில் ஊற்றுவார்கள். அச்சை உடைத்தால்தான் பீரங்கி வெளியே வரும். அடுத்ததற்குப் புது அச்சு. ஐரோப்பாவில் தேவாலய மணி வார்த்தவர்கள் பலர் பீரங்கியும் வார்த்தார்கள்.

குழலின் பின்பக்கம் பருத்திருப்பது அழகுக்காக அல்ல. வெடிமருந்து எரிகிற இடம் அதுதான்; அழுத்தம் அங்கேதான் உச்சம். மருந்து, அடைப்பு, குண்டு என்று வாய் வழியே இடித்துத் திணித்து, பின்னாலுள்ள சிறு துளையில் நெருப்பு வைப்பார்கள். மருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். எரியத் தேவையான ஆக்சிஜனை வெடியுப்பே தந்துவிடுவதால் அடைத்த குழலுக்குள்ளும் தீ பற்றும். தமிழகத்துப் பழவேற்காட்டிலேயே டச்சுக்காரர்கள் வெடிமருந்து ஆலை நடத்தினார்கள்.

வார்ப்பிரும்பு மலிவு. ஆனால் துருப்பிடிக்கும், பழுதிருந்தால் சுடுகிறவர் முகத்திலேயே சிதறும். வெண்கலம் பெரும்பாலும் வீங்கியோ பிளந்தோதான் கெடும். விலையோ பல மடங்கு. ஆகவே வெண்கலப் பீரங்கி கிடைத்தால் யாரும் விட்டுவைப்பதில்லை.

ஸ்ரீ ரம்பையின் கதையே அதற்குச் சாட்சி. டச்சுக்காரர்கள் அதை ஜொகூர் சுல்தானுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். 1613இல் சுமத்ராவின் ஆச்சே படை பறித்துக்கொண்டு, பறித்த செய்தியை ஜாவி என்னும் அரபு வழி மலாய் எழுத்தில் அதன் மேலேயே பொறித்தது. 1795இல் சிலாங்கூருக்குப் போனது. 1871இல் பினாங்குச் சீனர்களின் கப்பல் ஒன்றைக் கொள்ளையர்கள் கைப்பற்றிச் சிலாங்கூருக்குக் கொண்டுபோக, பிரிட்டிஷ் போர்க்கப்பல் கோலசிலாங்கூர் கோட்டையைத் தாக்கியது. கொள்ளையைத் தண்டிக்கப் போனவர்கள் திரும்பும்போது பீரங்கியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். கொள்ளைக்குக் கொள்ளை!

பினாங்குக்கு வந்தும் அது உடனே கரையேறவில்லை. எஸ்பிளனேட் என்னும் கடற்கரைத் திடல் அருகே கடலுக்குள் சில ஆண்டுகள் கிடந்தது. கெடா இளவரசர் துங்கு குடின் கட்டளையிட்ட பிறகே எழுந்துவந்ததாக ஊர்க்கதை சொல்கிறது. வெண்கலம் என்பதால் உப்புநீர் அதைத் தின்றுவிடவில்லை. 1880களில் எஸ்பிளனேடில் நிறுத்தினார்கள். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் அதன் வாயில் பூ வைக்கும் வழக்கமும் ஏற்பட்டது. கோட்டைக்குள் வந்து சேர்ந்தது 1950களில்தான்.