ஈரத்துணி

எனக்கு ஆறு வயதில் ஒருநாள் இரவு கடும் காய்ச்சல். கம்பளியால் போர்த்தச் சொன்னாள் பாட்டி. அம்மா கேட்கவில்லை. நெற்றியிலும் மார்பிலும் ஈரத்துணியிட்டு, விடியும்வரை பனையோலை விசிறியால் வீசினாள். "பிள்ளையைக் கொல்லப் பாக்குறியா?" என்று பாட்டி திட்டியது இன்றும் காதில் ஒலிக்கிறது.

இவ்வாண்டு வெப்பவியல் வகுப்பில் ஆவியாதலின் உள்ளுறை வெப்பத்தைக் கணக்கிட்டபோது அந்த இரவு நினைவுக்கு வந்தது. 100 டிகிரி செல்சியஸில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். உடல் சூட்டில் இன்னும் சற்றுக் கூடுதல். அவ்வெப்பத்தில் பெரும்பகுதி என் தோலிலிருந்தே சென்றது. விசிறியோ ஈரக்காற்றை விலக்கி ஆவியாதலை விரைவாக்கியது. (ஐஸ் தண்ணீர் கூடாது, நடுக்கம் எடுத்தால் சூடு ஏறும்.)

விடுமுறையில் அம்மாவிடம் இதை விளக்கினேன். பள்ளிக்கூடம் பாராதவள், பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "பாட்டி சொன்னது சரியா இருந்துடுமோன்னு விடியிறவரைக்கும் பயந்துக்கிட்டேதான்டா வீசினேன்."