உள்ளடுக்குக் குறிப்புகளில் தேடுதல்
ஓசூர் – கிருஷ்ணகிரிப் பகுதித் திருப்பணியை முன்வைத்து ஒரு விளக்கம்

1. பொருளும் நோக்கமும்

அருள்பணியாளர் பலர் இன்று தம் குறிப்பேட்டைக் கணினியிலோ கைப்பேசியிலோ வைத்திருக்கின்றனர். தலைப்பு, அதனுள் உட்தலைப்பு, அதனுள் குறிப்பு எனப் படிப்படியாக உள்ளடங்கும் அமைப்பை இதற்கான மென்பொருள்கள் தருகின்றன. இவ்வமைப்பு கணினி உலகில் புதியதன்று. 1968 டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பர்ட் தம் கணினி முறையை அவையோர்முன் விளக்கியபோது, கடையில் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலை வகைவகையாக அடுக்கிக் காட்டினார். ஆர்க் மோட் (2003), ஒர்க்ஃப்ளோவி (2010), ஆப்சிடியன் (2020) ஆகியவை அவ்வழியில் பின்னர்த் தோன்றியவை.

இவ்வாறு எழுதிவைப்பது எளிது. எழுதியதைத் தேடி எடுப்பதிலேயே இடர் எழுகின்றது. உள்ளடுக்கில் அமைந்த ஒரு குறிப்பு, தன் பொருளின் ஒரு பாதியையே தன் வரியில் கொண்டிருக்கிறது. மறு பாதி அதற்கு மேலுள்ள தலைப்புகளில் உள்ளது. எனவே வரியை மட்டும் காணும் தேடல், பொருளின் பாதியையே காண்கிறது. இதன் விளைவுகளையும், நாம் கைக்கொள்ளத்தக்க வழிகளையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. மூன்று இடர்கள்

ஓசூரில் திருப்பணி ஆற்றும் ஓர் ஆயரின் குறிப்பேட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் 1971இல் தோன்றியபின், அதன் தொழிற்பேட்டையால் ஓசூர் தொழில் நகரமாக வளர்ந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் முன்பே வழங்கிவந்த இவ்வெல்லைப் பகுதிக்கு வேலை நாடிப் பிற மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் வந்து சேர்ந்தனர். முறைமாற்றி வேலைக்குச் செல்வோரையும், வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்போரையும், எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் பணிசெய்வோரையும் கொண்ட சபையை நினைவில் மட்டும் வைத்துக்கொள்வது இயலாது. ஆகவே ஆயர் எழுதுகிறார்: "மத்திகிரி" என்பது தலைப்பு, அதனுள் "இரவுப்பணிக் குடும்பங்கள்", அதனுள் ஒரு குடும்பத்தின் பெயர், அதனுள் "வேலை போயிற்று, மூன்று மாத வாடகை நிலுவை" என்னும் குறிப்பு.

சில மாதங்களுக்குப் பின் உதவிநிதி பகிரும் வேளையில் "மத்திகிரி வாடகை" என்று அவர் தேடுகிறார். இரு சொல்லும் ஒரே வரியில் இருந்தாலன்றிக் காட்டாத மென்பொருள், ஒன்றும் இல்லை என்கிறது. உண்மையில் "மத்திகிரி" மூன்று படிக்கு மேலே இருக்கிறது. இது முதலாவது இடர். கிடைக்கவில்லை என்பதை இல்லை என்று கொள்வோமாயின், உதவி பெற வேண்டிய குடும்பம் பட்டியலிலிருந்து விடுபட்டுப்போகும்.

இரண்டாவது இடர், கிடைத்த வரி தலைப்பை இழந்து நிற்பது. "இவ்வாண்டு திடப்படுத்தல் வகுப்பை நிறுத்திவைக்கலாம்" என்னும் வரி தேடலில் கிடைக்கிறது. அதன் மேல்தலைப்பு "குழுவில் மறுக்கப்பட்ட கருத்துகள்" என்பதாகும். மாற்றலாகி வந்த புதிய ஆயர் அத்தலைப்பைக் காணாவிடில், மறுக்கப்பட்டதையே தீர்மானமாகக் கொள்வார். திருமறை வாசிப்பில் இவ்வபாயத்தை நாம் நன்கு அறிவோம். ஒத்தவாக்கிய அகராதியைக் கொண்டு எலிப்பாசின் கூற்று ஒன்றை எடுத்து, யோபு 42:7ஐ நோக்காமலே அதன்மீது போதனையைக் கட்டுவோர் உளர். கூற்று யாருடையது, எந்த வாதத்தின் உட்பட்டது என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது. திருக்குறளின் காமத்துப்பாலிலும் தலைவி கூற்றோ தோழி கூற்றோ என்று உரையாசிரியர் முதலில் வரையறுப்பது இக்காரணம் பற்றியே.

மூன்றாவது இடர் இரகசியம் பற்றியது. "வெளியிடலாகாதவை" என்னும் தலைப்பின்கீழ் எழுதிய பாவ அறிக்கைச் செய்தி ஒன்று, தேடலில் தனி வரியாக வெளிப்படும்போது அத்தடை அதனுடன் வருவதில்லை. செயலர் ஒருவர் முகவரி தேடுகையில் அதனைக் கண்டுவிடக்கூடும்.

3. மென்பொருள்கள் செய்வன

இவ்விடர்களுக்கு மென்பொருள்கள் மூவகை விடை தருகின்றன. முதலாவது, கிடைத்த வரியை அதன் மேல்தலைப்புகள் அனைத்துடனும் காட்டுதல். ஆர்க் மோட் பொருந்திய குறிப்புகளையும் அவற்றின் மேல்தலைப்புகளையும் விரித்து, ஏனையவற்றை மடித்துவைக்கும். ஒர்க்ஃப்ளோவியும் மேல்தலைப்புகளுடனேயே விடை காட்டுகிறது. இது இரண்டாவது இடரைப் பெரிதும் தீர்க்கும், முதலாவதைத் தீர்க்காது.

இரண்டாவது, மேல்தலைப்பையும் தேடலின் எல்லைக்குள் கொணர்தல். ஒர்க்ஃப்ளோவியில் மேல்தலைப்பின் சொல்லுக்கும் உட்குறிப்பின் சொல்லுக்கும் இடையே ">" என்னும் குறியிட்டுத் தேடலாம். "மத்திகிரி > வாடகை" என்று தேடினால், மத்திகிரிக்கு உள்ளடங்கிய வாடகைக் குறிப்பு கிடைக்கும்.

மூன்றாவது, அடையாளச் சொல்லை மரபுரிமையாக்குதல். ஆர்க் மோடில் ஒரு தலைப்புக்கு இட்ட அடையாளம் அதற்குக் கீழுள்ள உட்தலைப்புகள் அனைத்துக்கும் உரியதாகும். தலைப்பில் "இரகசியம்" என்று ஒருமுறை அடையாளமிட்டால், அவ்வடையாளத்தை விலக்கித் தேடும்போது அதன் உட்தலைப்புகளும் விலக்கப்படும். ஆயினும் வெறும் சொல்தேடலுக்கு இக்காவல் இல்லை என்பதை மறத்தலாகாது.

எல்லை மிக விரிந்தாலும் தீங்கே. ஆப்சிடியனில் இரு சொற்களை இட்டுத் தேடினால், அவை ஒரே கோப்பில் எங்கிருப்பினும் பொருந்தியதாகக் கொள்ளப்படும். பாகலூரின் வாடகைக் குறிப்பு மத்திகிரியின் விடையாக வந்து நிற்கும். ஒரே வரி, ஒரே பத்தி, ஒரே பகுதி என எல்லையைக் குறுக்கவும் அதில் வழியுண்டு. ஆனால் பகுதி என்பது அங்கே இரு தலைப்புகளுக்கு இடைப்பட்டதையே குறிக்கும். படிகள் பல கடந்து மேலே நிற்கும் தலைப்பு அதனுள் அடங்காது.

4. மாறும் தலைப்புகள்

மேல்தலைப்பே காலத்தால் மாறிவிடுமாயின் என் செய்வது? இக்கேள்வி இப்பகுதியில் தவிர்க்க இயலாதது. மிசௌரி லுத்தரன் சபையாரின் இந்திய ஊழியம் 1895இல் கிருஷ்ணகிரியில் தொடங்கியபோது, அவ்வூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதனுட்பட்டன. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கு அப்பாலுள்ள மைசூர் மாநிலமும் 1973இல் கர்நாடகம் எனப் பெயர் மாறியது.

ஆகவே பழைய பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் ஒருவர், அதிலுள்ளவாறே "சேலம்" என்பதன்கீழ் "ஓசூர்" என அடுக்கினால், "கிருஷ்ணகிரி > ஓசூர்" என்னும் தேடல் 2004க்கு முற்பட்ட அனைத்தையும் இழக்கும். திருமண, ஞானஸ்நானச் சான்று வேண்டி வரும் முதியவருக்கு இவ்விழப்பு சிறிதன்று. பழைய தலைப்பை அழித்துப் புதியதை இடுவதும் தகாது. அது ஆவணத்தின் சாட்சியை மாற்றுவதாகும். பழைய தலைப்பை அப்படியே வைத்து, இன்றைய மாவட்டப் பெயரை அடையாளச் சொல்லாக உடன் இடுவதே நேரிய வழி.

5. தமிழ்ச் சொல்லின் இயல்பு

"கிருஷ்ணகிரி" என்று தேடினால் "கிருஷ்ணகிரியில்", "கிருஷ்ணகிரியிலிருந்து" என்பனவும் கிடைக்கும். "ஓசூர்" என்று தேடினாலோ, குறியீட்டுக்குக் குறியீடு ஒப்பிடும் மென்பொருளில் "ஓசூரில்" கிடைக்காது. காரணம் எளியது. யூனிகோடு முறையில் "ர்" என்பது ரகரமும் புள்ளியும். "ரி" என்பது ரகரமும் இகரக் குறியும். வேற்றுமை உருபு ஏறியவுடன் புள்ளி மறைகிறது. தேடிய வடிவமும் மறைகிறது. இத்தகைய மென்பொருளில் புள்ளியை நீக்கி "ஓசூர" என்று தேடினால் இரண்டும் கிடைக்கும். "குடும்பம்" என்பதற்குக் "குடும்ப" என்று தேடுவதும் இத்தகையதே. மேலும் ஓசூர், ஒசூர், ஹோசூர் என எழுத்து வேறுபாடும் வழக்கில் உண்டு. ஆதலால் தலைப்புகளில் ஊர்ப்பெயரை உருபின்றி, ஒரே வடிவில் எழுதுவது நலம். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பழைய கோப்புகளை மாற்றியமைத்த பின்னரே தேட முடியும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் நாம் பெறும் நடைமுறை முடிவுகள் நான்கு. ஒன்று, குறிப்பின் பொருளைத் தலைகீழாக்கக்கூடிய "மறுக்கப்பட்டது", "ஐயத்திற்குரியது", "இரகசியம்" போன்ற சொல்லைத் தலைப்பில் மட்டும் விடாது வரியிலும் எழுத வேண்டும். இரண்டு, விடை கிடைத்தவுடன் அதன் மேல்தலைப்புகளைப் படித்த பின்னரே அதனைப் பயன்படுத்த வேண்டும். மூன்று, ஒன்றும் கிடைக்காதபோது ஒரு சொல்லை மட்டும் இட்டு மீண்டும் தேட வேண்டும். நான்கு, பாவ அறிக்கை தொடர்பானவை பொதுக் குறிப்பேட்டிலேயே இடம் பெறலாகாது.

இவை சிறு ஒழுங்குகளே. ஆயினும் நம் குறிப்பேட்டின் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் எந்த வீட்டினர், எந்தத் துயரின் நடுவில் அச்சொல்லைச் சொன்னார் என்பதை நீக்கிவிட்டு அவரை அறிந்தோம் என்று கூற இயலாது. நமக்குப் பின் அக்குறிப்பேட்டைத் திறப்பவர் நம்மைக் கேட்டுத் தெளியும் இடத்தில் இருக்கமாட்டார். அவருக்கு வழிகாட்டுவன நாம் விட்டுச்செல்லும் வரிகளும் தலைப்புகளுமே.