மூக்கறியா வாயுவும் ஓரணுத் தகடும்

வடநாட்டுக் குளிரைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூடிய அறைக்குள் கரி அங்கீட்டியை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவேயில்லை என்ற செய்தியைக் குளிர்காலம்தோறும் பத்திரிகையில் படிக்கிறோம். காரணம் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறம் கிடையாது, மணமும் கிடையாது. சாக்கடைக் குழிகளில் உயிரைக் குடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும். ஆனால் அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் போபாலில் கண்ணெரிச்சலோடு விழித்த ஜனங்களுக்கு, அதற்குள் நேரம் கடந்துவிட்டிருந்தது.

ஆக, மூக்கை நம்பிப் பயனில்லை. கருவி வேண்டும். இப்போதுள்ள கருவிகள் பலவற்றில் டின் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. அதைச் சில நூறு டிகிரி சூட்டிலேயே வைத்திருந்தால்தான் வேலை செய்யும். சூடேற்றாமல், சாதாரண அறையிலேயே மோப்பம் பிடிக்கும் பொருள் ஏதாவது உண்டா என்று தேடியவர்களின் கண்ணில் பட்டவைதான் 'இருபரிமாணப் பொருள்கள்'.

ஓரணுத் தகடு

பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட், தகடு தகடாக அடுக்கிய கரி. 2004-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் ஆகியோரின் குழு, சாதாரண ஒட்டுநாடாவால் உரித்து உரித்தே அதில் ஒற்றைத் தகட்டைப் பிரித்தெடுத்தது. அதுதான் கிராஃபீன். 2010-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதன் கனம் ஓர் அணு மட்டுமே. முப்பது லட்சம் தகடுகளை அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும்! ஒரு கிராமை விரித்தால், இரு பக்கமும் சேர்த்து சுமார் 2,600 சதுர மீட்டர்.

இதில் என்ன லாபம்? கட்டியான பொருளின் உள்ளே இருக்கும் அணுவுக்கு வெளியே நடப்பது தெரியாது. இங்கே ஒவ்வோர் அணுவும் வாசலிலேயே நிற்கிறது. 2007-இல் அதே மான்செஸ்டர் குழு, நைட்ரஜன் டை ஆக்சைடின் ஒற்றை மூலக்கூறு வந்து ஒட்டுவதைக்கூட மின்தடை மாற்றத்தால் அறிந்தது.

பற்று வரவு

வியாபாரிக்கு இது சுலபமாகப் புரியும். வாயு மூலக்கூறு தகட்டில் உட்கார்ந்ததும் ஒரு கணக்கு தொடங்குகிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு தகட்டிலிருந்து எலெக்ட்ரானைப் பற்றிக்கொள்ளும், அம்மோனியா கொடுக்கும். முழு எலெக்ட்ரான்கூட இல்லை. முதலாவது எடுப்பது சுமார் பத்தில் ஒரு பங்கு, இரண்டாவது கொடுப்பது நூறில் மூன்று பங்குதான். இந்தச் சில்லறையே தகட்டின் மின்தடையை மாற்றிவிடுகிறது.

இந்தச் சில்லறையை எண்ணிச் சொல்வது கணிப்பொறி. விஷ வாயு ஒவ்வொன்றையும் ஒவ்வொரு தகட்டோடும் ஆய்வகத்தில் சோதிப்பது ஆபத்து, செலவும் அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்தால் என்ன? அதிலும் சங்கடம் உண்டு. ஒரு தண்ணீர் மூலக்கூறில் 10 எலெக்ட்ரான்கள். ஒவ்வொன்றும் இருக்குமிடத்தைச் சொல்ல மூன்று எண் வீதம் 30 எண்கள் வேண்டும். நூற்றுக்கணக்கான எலெக்ட்ரான்கள் என்றால் எந்தக் கணிப்பொறியும் திணறும். 1964-65-இல் வால்டர் கோன் என்ற அறிஞர், ஹோஹென்பெர்க், ஷாம் ஆகியோருடன் சேர்ந்து வழி காட்டினார். ஒவ்வொரு எலெக்ட்ரானின் பின்னாலும் ஓட வேண்டாம், எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தி என்று தெரிந்தால் போதும் என்றார். இதற்கு 1998-இல் வேதியியல் நோபல் பரிசு வந்தது.

இந்த முறையில் தகட்டின் ஆற்றல், வாயுவின் ஆற்றல், இரண்டும் ஒட்டியபின் உள்ள ஆற்றல் என மூன்றையும் கணக்கிடுவார்கள். வித்தியாசமே ஒட்டாற்றல்.

ஒட்டவும் வேண்டும், விடவும் வேண்டும்

ஒட்டாற்றல் எவ்வளவு இருக்க வேண்டும்? இங்கேதான் சூட்சுமம். அறை வெப்பநிலையில் 0.2 எலெக்ட்ரான் வோல்ட் என்றால், மூலக்கூறு தங்குவது ஒரு விநாடியில் கோடிக்கணக்கில் ஒரு பங்கு நேரம். கருவி கவனிப்பதற்குள் ஓடிவிடும். 0.8 என்றால் சுமார் அரை நிமிடம், பரவாயில்லை. 1.0 என்றால் 17 மணி நேரத்துக்கு மேல்! 1.2 என்றால் நாலு வருஷத்துக்கு மேல் குடியிருக்கும். அப்புறம் அந்தக் கருவி எதற்கு? ஆனால் 1.0 உள்ளதையே 127 டிகிரிக்குச் சூடாக்கினால் நாலே விநாடியில் விட்டுவிடும். கொஞ்சம் கூட்டினால் எவ்வளவு மாறிவிடுகிறது பாருங்கள்.

கணக்கும் சரக்கும்

2008-இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தார் சுத்தமான கிராஃபீனுக்குக் கணக்குப் போட்டார்கள். நைட்ரஜன் டை ஆக்சைடுக்கே 0.07-ஐ ஒட்டித்தான் வந்தது. அப்படியானால் கண்ணிமைக்கும் நேரம்கூட அது தங்கக்கூடாது. ஆனால் மான்செஸ்டரில் ஒட்டியதை விரட்ட 150 டிகிரி சூடு தேவைப்பட்டதே! எது பொய்?

இரண்டும் பொய்யில்லை. 2009-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் ஒன்றைக் காட்டினார்கள். கருவி செய்யும்போது தகட்டின்மேல் படியும் பிசின் போன்ற மிச்சத்தை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டால், வாயுவை உணரும் திறன் வெகுவாகக் குறைந்துபோகிறது. அதாவது, மோப்பம் பிடித்ததில் அழுக்குக்கும் பங்கு இருந்திருக்கிறது. கணக்கு பேசியது சுத்தமான சரக்கைப் பற்றி. கையில் இருந்ததோ கலப்புச் சரக்கு.

இதிலிருந்து ஒரு பாடம். கலப்பு தற்செயலாக வர வேண்டாம், நாமே தெரிந்து கலப்போம். சுத்தத் தகட்டில் கார்பன் மோனாக்சைடு அநேகமாக ஒட்டுவதே இல்லை. ஒரு கரி அணுவை எடுத்துவிட்டு அலுமினியம் அணுவை வைத்தால் நன்றாகப் பற்றும் என்று 2008-லேயே கணக்குச் சொன்னது. மாலிப்டினம் டைசல்பைடு, பாஸ்ஃபோரீன், எம்எக்ஸீன் என வேறு தகடுகளையும் இப்படி அலசி வருகிறார்கள்.

அணுக்கள் ஏன் ஒட்டுகின்றன என்ற கேள்வி பழையது. சமணரின் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தாம் அத்தியாயத்தில், பசைத்தன்மையாலும் வறட்சித்தன்மையாலும் புத்கல அணுக்கள் பிணைகின்றன என்கிறது. இதைக் காட்டி 'எல்லாம் அன்றே சொல்லியாயிற்று' என்று மார்தட்ட நான் தயாரில்லை. அவர்கள் கேள்வி கேட்டார்கள். அளந்து சொன்னவர்கள் இவர்கள்.

அளந்ததிலும் எல்லை உண்டு. பெரும்பாலான கணக்குகள் வெற்றிடத்தில், ஈரமே இல்லாத தகட்டுக்குப் போடப்படுபவை. மும்பை, கொல்கத்தா மழைக்கால ஈரத்தில் தண்ணீர் மூலக்கூறுகளே முதலில் வந்து இடம்பிடித்துக்கொள்ளும். ஆகவே கணக்கில் தேறியதை ஆய்வகத்திலும், பிறகு தெருவிலும் சோதித்தே ஆக வேண்டும். கணக்கு செய்யும் உதவி, ஆயிரம் பொருள்களில் சோதிக்கத் தகுந்த பத்தைப் பொறுக்கித் தருவது.

இந்தக் கணக்குக்கான குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இதில் இறங்கலாம். சாக்கடைக் குழியருகே நிற்பவன் கையில் மலிவான, நம்பத்தக்க கருவி ஒன்று சேரும் நாள் அதனால் விரைவில் வரட்டும். அதுவரை, அங்கீட்டி எரியும் அறையில் யாரும் படுக்க வேண்டாம். அதை அணைத்து வெளியே வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.