மேலிருந்து பார்த்தால் தீ தெரியாது

"அப்பா, நெருப்பைப் பார்த்தீங்களா?"

2015 அக்டோபர். ஜகார்த்தாவிலிருந்து விமானத்தைச் செலுத்தி வந்து, கிள்ளான் வீட்டுக் கதவைத் திறந்ததும் மகன் கேட்ட முதல் கேள்வி இது. இரண்டாம் ஆண்டு மாணவன். புகைமூட்டத்தால் சிலாங்கூரில் பள்ளிகளை மூடியிருந்தார்கள். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, இன்ஹேலரும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

"இல்லப்பா, புகையைத்தான் பார்த்தேன்" என்றேன். அவனுக்கு ஏமாற்றம்.

காட்டுத்தீ என்றதும் வானளாவிய தீப்பிழம்புதான் நம் நினைவுக்கு வரும். 35,000 அடி உயரத்திலிருந்து பார்த்தபோது சுமத்ராவில் நான் கண்டது அழுக்கு வெள்ளைப் போர்வை ஒன்றைத்தான். கடல் எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

காரணம் மண். அங்கே எரிந்ததில் கணிசமான பகுதி, மட்கிய செடிகொடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து உருவான பீட் சதுப்பு நிலம். ஈரமாக இருக்கும்வரை அது எளிதில் எரியாது. செம்பனைக்கும் காகித மரங்களுக்கும் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால், காய்ந்து விறகாகிவிடும். நிலத்தைத் துப்புரவாக்க வைக்கும் நெருப்பு மண்ணுக்குள் இறங்கி, வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அந்த ஆண்டு எல் நினோ வறட்சியும் சேர்ந்துகொண்டது. புகை சற்று விலகிய இடங்களில் அந்த வாய்க்கால்களைப் பார்த்தேன். கோடு போட்டதுபோல் நேராக ஓடின. இயற்கை அப்படிக் கோடு போடாது.

விமானிகளுக்கு வரும் வானிலை அறிக்கையில் புகைக்கு 'எஃப்யு' என்று குறிப்பிடுவார்கள். பிரெஞ்சு மொழியில் புகையைக் குறிக்கும் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் அவை. அந்த மாதங்களில் அதைப் பார்க்காத நாள் குறைவு. சுமத்ராவின் பெக்கான்பாரு விமான நிலையம் பல நாள் முடங்கியது. கோலாலம்பூரை நோக்கி இறங்கும்போதே விமானி அறையில் கருகல் வாசம் வந்துவிடும். என் திரையில் இரு நாட்டு எல்லைக்கும் கோடு உண்டு. வெளியே புகைக்கு அப்படி எந்தக் கோடும் இல்லை.

அந்த ஆண்டு இந்தோனேசியாவில் எரிந்த பரப்பு சுமார் 26 லட்சம் ஹெக்டர் என்று உலக வங்கி கணக்கிட்டது. சிங்கப்பூரைப் போல் 35 மடங்குக்கும் அதிகம்.

அக்டோபர் கடைசியில் மழை வந்தது. "அணைஞ்சிருச்சாப்பா?" என்றான் மகன். வாய்க்கால்களை அடைத்து மண்ணை மறுபடி ஈரமாக்கினால்தான் முழுசாக அணையும் என்று விளக்கினேன். அதற்கென்றே 2016 ஜனவரியில் இந்தோனேசியா தனி அமைப்பை ஏற்படுத்தியது. வேலையும் தொடங்கியது.

2019 செப்டம்பரில் மறுபடி புகைமூட்டம், மறுபடி பள்ளி விடுமுறை. மகனுக்கு அப்போது வயது 12. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தேன். இம்முறை அவன் நெருப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

"அந்த வாய்க்காலையெல்லாம் இன்னும் அடைக்கலையாப்பா?"