ஓட்டில் 1865 என்று இருந்தால் வீட்டுக்கு வயது என்ன?
சிங்காநல்லூர் தோட்டத்து வீடுகளுக்குப் பழைய போட்டோதான் சாட்சி!

கோவை திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர் வழியாக பஸ்சில் போகிறவர்கள் கண்ணில் இன்று படுவது கடைகளும் அடுக்குமாடி வீடுகளும்தான். ஒரு காலத்தில் ரோட்டின் இரண்டு பக்கமும் தோட்டம்! தோட்டத்துக்கு நடுவே கிணறு. கிணற்றை ஒட்டி வீடு.

கொங்கு நாட்டு விவசாயிகளில் பலர் ஊருக்குள் குடியிருக்கவில்லை. பயிர், மாடு, கிணறு எல்லாம் கண் பார்வையில் இருக்கவேண்டும் என்று காட்டிலேயே வீடு போட்டார்கள். அந்த வீட்டுக்குப் பெயர் 'சாளை'.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தச் சாளைகளில் சில, பங்களா ஆயின. காசு எங்கிருந்து வந்தது? பருத்தி! 1888-ல் கோவையில் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது. 1900-களின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி வந்தது. கிணற்றுத் தண்ணீரில் அது நன்றாக விளைந்தது. கையில் பணம் புரண்டவர்கள் வீட்டை எடுத்துக் கட்டினார்கள்.

முன்னால் துரை வீடு!

முகப்பில் உருண்டைத் தூண், வளைவு, போர்ட்டிகோ, ஜன்னலுக்குக் கலர்க் கண்ணாடி. எல்லாம் துரைமார் பங்களாவைப் பார்த்துச் செய்தது. வாசல்படி தாண்டினால் பழைய ஆசாரம், நடுவில் வானம் தெரியும் தொட்டி, பின்னால் மாட்டுக் கட்டுத்தரை. முன்னால் துரை வீடு, உள்ளே நம்ம வீடு!

இப்படிப்பட்ட வீடுகள் வருஷா வருஷம் குறைந்து வருகின்றன. 1981-ல் சிங்காநல்லூர் நகராட்சி கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. தோட்டங்கள் சைட்டுகள் ஆயின. பாகப் பிரிவினையில் ஒரு வீடு நாலு பங்காகிறது. கடைசியில் ஓடும் தேக்கு உத்தரமும் பழைய சாமான் கடைக்குப் போகின்றன.

மிஞ்சுவது என்ன? பீரோவுக்குள் கிடக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம்!

ஓடு செய்யும் குழப்பம்

"எங்க அப்பாரு கட்டுனதுங்க, ஓட்டுலயே 1865-னு போட்டிருக்குதுங்க" என்று சொல்பவர்கள் உண்டு. இங்கேதான் ஏமாறக்கூடாது.

1865 என்பது மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம். அதற்குப் பிறகு பல காலம் அதே எண்ணை ஓட்டின் மேல் அச்சாகப் பதித்தார்கள். கம்பெனி பிறந்த வருஷம் அது. வீடு பிறந்த வருஷம் அல்ல! முதல் உலகப் போருக்குப் பிறகு தொழிற்சாலை காமன்வெல்த் டிரஸ்ட் கைக்கு மாறியது. அந்தப் பெயர் போட்ட ஓடு என்றால் அது 1919-க்கு முந்தியது அல்ல.

அப்படியானால் வீட்டின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? போட்டோவைக் கூர்ந்து பாருங்கள்.

கிணற்று மேட்டில் மாடுகள் பின்னால் போய்த் திரும்பும் கவலைச் சரிவு தெரிகிறதா? மோட்டார் வருவதற்கு முந்திய படமாக இருக்கலாம். கம்பமும் கரண்டு கம்பியும் தெரிகிறதா? பைகாரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1932-ல். அதற்குப் பிறகுதான் தோட்டத்துக்குத் தோட்டம் கரண்டு பரவியது. கூரை விளிம்பில் மரப்பலகை வேலைப்பாடு, தூணின் உச்சி, முகப்பில் சுண்ணாம்புக் காரையால் எழுதிய வருஷம்... ஒவ்வொன்றும் ஒரு துப்பு.

படத்தில் இல்லாதவர்கள்

படத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்காரர். பக்கத்தில் பிள்ளைகள். ஆனால் சுண்ணாம்பை அரைத்தவர், சுவர் எழுப்பிய கொத்தனார், கிணறு வெட்டியவர், கவலை ஓட்டிய பண்ணையாள் எங்கே? பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் ஓரத்தில், பெயரில்லாமல்! அவர்கள் பெயர் வீட்டுப் பெரியவர்களுக்கும் பழைய ஆட்களுக்கும் மட்டும் தெரியும். அவர்களும் போய்விட்டால் யாரிடம் கேட்பது?

செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவரோடு உட்காருங்கள். படத்தின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்: தோட்டத்தின் பெயர், சுமார் வருஷம், நிற்பவர்கள் யார் யார். பேனா வேண்டாம், மை ஊறும். பசை போட்டு ஒட்ட வேண்டாம். செல்போனில் ஒரு பிரதி எடுத்துப் பங்காளிகளுக்கெல்லாம் அனுப்புங்கள்.

வீட்டை இடிப்பதென்று முடிவாகிவிட்டதா? கடப்பாரை விழுவதற்கு முன்னால் நாலு பக்கமும் நின்று படம் எடுங்கள். தொட்டி, தூண், கதவு, ஓட்டின் அடி, எதையும் விடாதீர்கள். இடித்த பிறகு அழுது பயனில்லை!