சத்யம் முதல் மத்தளம்பாறை வரை

கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு ஒப்புக்கொண்டது 2009 ஜனவரி 7இல். சில மாதங்களுக்கு முன்புதான் சிறந்த நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருது அந்த நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. இயக்குநர் குழுவில் ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் கிருஷ்ண பலேபு இருந்தார், ஹைதராபாத் இந்திய வணிகப் பள்ளி (ஐ.எஸ்.பி.) டீன் ராம்மோகன் ராவும் இருந்தார். மோசடி வழக்கில் தண்டனை பெற்றவர்களில் இவர்கள் இல்லை. ஆனால், ராஜு குடும்பத்தின் மேய்டாஸ் நிறுவனங்களை வாங்க 2008 டிசம்பரில் இந்தக் குழுதான் ஒப்புதல் தந்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்த பிறகே திட்டம் கைவிடப்பட்டது. நிர்வாகவியலைக் கரைத்துக் குடித்தவர்கள் இருந்த அவையிலேயே இது நடந்தது என்றால், குறை படிப்பில் மட்டும் இல்லை.

உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு வணிகப் பள்ளிகள் பிடித்துக்கொண்டது படிப்பைத்தான். அறநெறிப் பாடம் சேர்த்தார்கள்; 2009இல் ஹார்வர்டு மாணவர்கள் நேர்மையாக நடப்போம் என்று உறுதிமொழியே எடுத்தார்கள். மேலாண்மைப் பேராசிரியர் சுமந்திர கோஷல் 2005இல் வெளியான கட்டுரையில் இன்னும் ஆழமாகக் குத்தியிருந்தார்: மனிதன் சுயநலமி, பங்குதாரர் லாபமே மேலாளர் கடமை என்று கற்பித்தே மாணவர்களின் பொறுப்புணர்வைக் கழற்றிவிட்டோம் என்றார். சரிதான். ஆனாலும் யாருடைய பணம், எப்போது லாபம் கேட்கிறது என்பதே நடத்தையை அதிகம் வளைக்கிறது. சாரல் விழும் சில வாரங்களில் ஆண்டு வருமானத்தைப் பார்த்தாக வேண்டிய குற்றாலத்து விடுதிக்காரர் வாடகையை ஏற்றத்தான் செய்வார். காலாண்டு முடிவுக்கு ஓடும் நிறுவனத்துக்கு ஆண்டில் நான்கு சீசன்.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்தும் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்துக்கு அந்த அவசரம் இல்லை; வெளி முதலீட்டாளர் பணமும் இல்லை, பங்குச்சந்தையும் இல்லை. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு உதவித்தொகை தந்து பயிற்சி கொடுத்துக் காத்திருக்க அதனால் முடிகிறது. பட்டியலிடாத நிறுவனத்தைப் பொதுமக்கள் கண்காணிக்க முடியாதே, எல்லாம் முதலாளியின் நல்ல மனதைப் பொறுத்ததுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெளிப் பணம் இல்லாததாலேயே ஒரு நிறுவனம் நேர்மையானதாகிவிடாது. அவசரம் ஒன்று குறைகிறது, அவ்வளவே. அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை அளந்து பார்க்க வேண்டும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் மேலாண்மை ஆய்வாளர்கள் அந்த வேலையைத் தென்காசியிலிருந்தே தொடங்கலாம்.